ஆபத்து கடந்துவிட்டது

விசாரணைக் கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்கினார்கள். பிறகு தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றி, ஈரம் போக்குவதுபோல் இரு கைகளையும் வீசி உதறினார்கள். தொண்ணூறு வினாடி. மணிக்கட்டுகளில் அணிந்திருந்த தணிகாப்பின் சிவப்புப் புள்ளி மஞ்சளாகி, பச்சையானது. விசாரணை அதிகாரி எஸ்தர், காற்றாலை நிறுவனத்தின் வக்கீல், வாசல் காவலர், எல்லோரும் முகம் தெளிந்து உட்கார்ந்தார்கள்.

தாணுலிங்கம் மட்டும் நட்ட கல்லாக நின்றார். அவர் காப்பு சிவப்பாகவே இருந்தது.

ஆறு மாதத்தில் இது நான்காவது அமர்வு. முந்தைய மூன்றும் இதே இடத்தில்தான் நின்றுபோயின. காப்பு பச்சையாகாதவரின் சொல் சாட்சியமாகாது என்பது சட்டம். இன்றும் அவர் அசையாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். குமரிக் கடலில் காற்றாலைக் கோபுரத்தின் மேல்தளம் பெயர்ந்து விழுந்து செத்துப்போன அவர் மகன் பூதலிங்கத்தின் பெயருக்கு எதிரே ‘கவனக்குறைவு’ என்ற சொல் நிலைத்துவிடும். அது மகனின் பெயர் மட்டுமல்ல, தாணுலிங்கத்தின் தகப்பனார் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அதட்டலாகாது என்பதற்காகவே அவனை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊர் வழக்கப்படி மக்களே என்றுதான் கூப்பிடுவார்.

தணிகாப்பைக் கண்டுபிடித்தவர்கள் சொன்ன விஷயம் எளிமையானது. பயமும் ஆத்திரமும் தசையில் குடியிருக்கின்றன. அவற்றை வெளியேற்றும் அசைவைக் காப்பு கணித்துச் சொல்லும். செய்து முடித்தால், ஆபத்து கடந்துவிட்டது என்று உடம்பு தானே முடிவு செய்துகொள்ளும். மூச்சு சீராகும், சிதறிய கவனம் திரும்பும். ஆபத்து உண்மையிலேயே கடந்ததா என்று பார்ப்பது காப்பின் வேலையல்ல. பரீட்சைக்கு முன் செய்தார்கள், பிரசவ அறை வாசலில் செய்தார்கள், துட்டி வீட்டில் பிணத்தை எடுத்ததும் தெருவில் வரிசையாக நின்று செய்தார்கள். தாணுலிங்கமும் செய்துகொண்டிருந்தவர்தான். மகன் விழுந்த அன்றோடு நிறுத்தினார். பிள்ளைக்காக எரிகிற நெருப்பைக் கையை ஆட்டி அணைப்பது தங்கள் குடும்பத்துக்கு அழகில்லை என்றார். என் மகன் கவனம் தப்புகிறவனில்லை என்று மூன்று அமர்விலும் கத்தினார். எப்படித் தெரியும் என்று கேட்டபோது இன்னும் உரக்கக் கத்தினார்.

மருமகள் பகவதி பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாமா, உங்க கோவத்த இங்க யாரும் எழுதிக்கிட மாட்டாவ. நீங்க சொல்லுகத எழுதணும்னா கைய ஆட்டித்தான் ஆகணும்.”

“ஆட்டினா எல்லாம் போயிரும்மா.”

“போட்டும். அவரு பேராவது மிஞ்சட்டும்.”

தாணுலிங்கம் குதிகாலைத் தூக்கினார். ஆறு மாதம் விறைத்திருந்த தோள், துருப்பிடித்த கீல்போல முதலில் மறுத்தது. பிறகு சுழன்றது. கைகளை உதறியபோது, அத்தனை நாள் சோறும் தூக்கமும் இல்லாமல் காத்து வைத்திருந்த தீ, தண்ணீர் ஊற்றியதுபோல் அடங்கியது. தொண்ணூறு வினாடிக்குள் அடங்குகிற சங்கதியா இது என்று நினைத்தார். வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கமும் வரவில்லை. காப்பு பச்சையானது.

எஸ்தர் விபத்து நாளின் கோபுரப் பதிவை வாசித்தார். பூதலிங்கம் மேல்தளம் ஏற மறுத்தான். காப்பு சிவப்பு. அசைவு செய்தான், சிவப்பு மாறவில்லை. மறுபடி செய்தான், மாறவில்லை. விதிப்படி வீட்டுப் பெரியவர் அழைப்பு இணைக்கப்பட்டது. நான்கு நிமிடம். மூன்றாம் அசைவு, பச்சை. ஏறினான்.

இரண்டு முறை சிவப்பில் நிற்கிற தொழிலாளியிடம் வீட்டுப் பெரியவரைப் பேச வைப்பது அந்த நிறுவனத்தின் ஏற்பாடு. மகனின் வேலைப் படிவத்தில் ‘பெரியவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் தாணுலிங்கம் கஞ்சிபோட்ட வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தார்.

“குடும்பப் பேச்சு என்பதால் அந்த நான்கு நிமிடமும் பதிவாகல. என்ன பேசினீங்க?” என்று கேட்டார் எஸ்தர்.

சும்மா நலம் விசாரித்தான் என்றுதான் பகவதியிடம் சொல்லி வைத்திருந்தார். இப்போது அந்தப் பொய்யை மூடிக்கொள்ள ஆத்திரம் இல்லை. எல்லாம் துடைத்த கண்ணாடிபோல் தெரிந்தது.

“மேல ஒரு சத்தம் கேக்கு, தளம் சரியில்ல, எறங்கட்டுமான்னு கேட்டான். நம்ம குடும்பத்துல பயந்து எறங்கினவன் கெடையாது, தாத்தா பேர வச்சுக்கிட்டு மானத்த வாங்காத, கைய நல்லா வீசிப் பண்ணு, பச்சை வரும்னு நான்தான் சொன்னேன்.”

மழை பெய்தது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

கூடத்தில் அவர் காப்பைத் தவிர எல்லாக் காப்புகளும் ஒன்றாகச் சிவந்தன. எஸ்தர் கையைக் காட்ட, எல்லோரும் எழுந்து குதிகாலைத் தூக்கினார்கள். பகவதி மட்டும் அசைவு செய்யவில்லை. அவள் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறு வினாடி கழித்து எஸ்தர் முடிவைத் தெளிவாகச் சொன்னார். சத்தம் கேட்டது என்பது இறந்தவர் சிவப்பு நிலையில் சொன்னது, ஆகவே செல்லாது. பெரியவர் வற்புறுத்தினார் என்பது இன்று அவரே பச்சை நிலையில் சொன்னது, ஆகவே செல்லும். பூதலிங்கத்தின் பெயரிலிருந்து கவனக்குறைவு நீக்கப்படுகிறது. விபத்தின் காரணம், குடும்ப அழுத்தம். நிறுவனத்துக்கு ஒரே ஒரு பரிந்துரை: பெரியவர்கள் இனி நேரில் பேச வேண்டாம். குரல் மாதிரி கொடுத்தால் போதும், அவர்கள் குரலில் காப்பே அளவாகப் பேசிக்கொள்ளும்.

வக்கீல் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த கோப்பை எடுத்தார்கள்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. அங்கே நிற்கும்போதுதான் உள்ளே சொன்னது என்னவென்று தாணுலிங்கத்துக்கு உறைத்தது. மணிக்கட்டில் காப்பு சிவந்து அதிர்ந்தது. இரண்டடி தள்ளி நின்ற பகவதி அதைப் பார்த்தாள். அவள் காப்பு கூடத்தில் சிவந்ததிலிருந்து மாறவேயில்லை.

“கைய ஆட்டாதீங்க மாமா,” என்றாள். “இது உங்ககிட்டயே இருக்கணும்.”

சரி என்பதுபோல் நிமிர்ந்து நின்று, நிறுத்தத்தின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதம் கல்லாக நின்ற மனிதருக்கு அது பெரிய காரியமல்ல. ஆனால் காலையில் கூடத்திலேயே உடம்பு தணியும் வழியைக் கண்டுகொண்டிருந்தது. பிடித்த பிடி தளரவில்லை. குதிகால் தானாக எழும்பித் தாழ்ந்தது. சட்டைக்குள் வலது தோள் மெதுவாகப் பின்னோக்கிச் சுழலத் தொடங்கியது.

பகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் காப்பில் மஞ்சள் தெரிந்தது.