சுரண்டிய மரம்

நேற்றுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளையாக்கிய மரத்தில் இன்று காலை மறுபடி பாசி இருந்தது.

மரவெட்டி கிட்டப் போய்ப் பார்த்தான். ஈரச் சாக்கு வாடையோடு, ஓரங்கள் சுருண்டு, ஆட்டு நுரையீரலை அறுத்து அப்பியதுபோல் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. வருஷத்துக்கு ஓர் அரிசி அகலம் வளர்ந்தால் பெரிது. யாரும் கைவைக்காத பழங்காட்டில்தான் இந்த மரப்பாசி பிடிக்கும். நாளைக்குப் பார்வையிட வரும் அதிகாரி கண்ணில் ஒன்று பட்டால் போதும், பழங்காடு என்று எழுதி மரம் வெட்டுவதையே நிறுத்திவிடுவார். அப்புறம் கோடரியைத் தலைக்கு வைத்துப் படுக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் காண்டிராக்டர் அவனையும் அவன் பெண்டாட்டியின் தம்பியையும் சுரண்ட அனுப்பியிருந்தான்.

“மாப்ள, ராத்திரி எங்க போன?”

“எங்க போறது? உங்க குறட்டைக்குக் காவல் இருந்தேன்.”

“அப்ப இத யாரு ஒட்டினா?”

“பாசிய ஒட்டிக்கிட்டுத் திரிய எனக்கென்ன கிறுக்கா மாமா?”

மைத்துனன் சிரித்தான். ஆனால் நேற்று இதே மரத்தடியில், “பாவம் மாமா, நம்ம பாட்டன் பூட்டனுக்கும் மூத்தது” என்று பிரஷ்ஷைக் கீழே போட்டவன் அவன்தான். அதிகாரியோடு கூட்டுச் சேர்ந்திருப்பானோ? மதியம் சோறு தின்னும்போது மரவெட்டி அவன் விரல்களையே பார்த்தான். பசை இல்லை. நகக்கண் மட்டும் பச்சையாக இருந்தது.

சாப்பிட்டதும் மைத்துனன் மேல்சரிவுக்குப் போனான். மூடுபனி இறங்கி மரங்களை ஒவ்வொன்றாக விழுங்க, அவன் பிரஷ் கர்ர், கர்ர் என்று இழுபடும் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மரவெட்டி கீழே தேய்த்துக்கொண்டிருந்தான். சத்தம் நின்றது.

ஒட்டுகிறான்.

பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே அடிமேல் அடி வைத்து ஏறினான். இலைகளில் நீர் சொட்டியது. ஈரச் சாக்கு வாடை தொண்டை வரை வந்தது. பனிக்குள் மைத்துனன் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

“மாட்டினியா?”

இன்னும் இரண்டு எட்டு வைத்தான்.

பிரஷ்ஷைப் போட்டுவிட்டுத் தோளைப் பற்றினான். சில்லென்றது. சட்டை அல்ல. பாசி. பிடரியிலிருந்து இடுப்புவரை, மடிப்பு மடிப்பாக. இவ்வளவு பிடிக்க எத்தனை தலைமுறை வேண்டும். மதியம்கூட ஒரே சட்டியில் தின்றார்களே.

ஓரத்தைப் பிய்த்தான். அடியில் சட்டைக் காலர். அவன் பெண்டாட்டி தம்பிக்கு நீல நூலில் போட்ட தையல். காலருக்குள் கழுத்து இல்லை. மரப்பட்டை.

கையை இழுத்தான். வரவில்லை. விரலிடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ சுருண்டு விரிந்தது.

அவனுடையதும் மைத்துனனுடையதுமாக இரண்டு பிரஷ்ஷும் அவன் காலடியில்தான் கிடந்தன.

கீழே, பனிக்குள், கர்ர், கர்ர். சத்தம் மரம் மரமாக மேலே வந்துகொண்டிருந்தது.