அடிமூட்டை

ஓவியர் அருளப்பன் முதலில் கொடுத்தது மழை. ஐந்து வயதில் தகரக்கூரைக்குக் கீழே கேட்ட மழை. இருவர் காதோரமும் ஒட்டியிருந்த ஊற்றுவாங்கி, அதை அவர் மண்டையிலிருந்து, பேட்டிக்கு வந்த மாணவி பொற்கொடியின் மண்டைக்குள் இறக்கியது. திரையில் ஆழம் பன்னிரண்டு என்று வந்தது.

"மழை வேண்டாம் சார். எங்க வகுப்புல பதினாலு பேர்கிட்ட மழை இருக்கு."

கலைக்கல்லூரிக்கு நுழைவுத்தேர்வு ஒழிந்து நாற்பது வருடம் ஆகிறது. பெயர் பெற்ற கலைஞர் ஒருவரைப் பேட்டி கண்டு, அவரைப் படைக்கத் தூண்டிய ஊற்றின் நகலைத் தலையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஆழம் எண்பதைத் தொட்டால் இடம் உண்டு. இன்று கடைசி நாள். தவறினால் விருதுநகர் மிளகாய் மண்டியில் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி. அதில் உட்கார்ந்தவர்கள் எழுந்ததாக அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

அடுத்து, தன் அப்பாவின் சாவைக் கொடுத்தார். முப்பத்துநான்கு.

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுகை வருது, ஒத்துக்கிறேன். ஆனா இது மேல்மூட்டைச் சரக்கு, வர்றவங்க எல்லாருக்கும் காட்டுறது. அடிமூட்டையைப் பிரிங்க சார்."

"மண்டிக்காரப் புள்ளையா நீ?" என்று சிரித்தார்.

"சுவர்ல மாட்டியிருக்கிற படமெல்லாம் முதுகா இருக்கே, அது ஏன்?" என்றாள்.

கல்யாணப்பெண்ணின் முதுகு, காவலரின் முதுகு, பூனையின் முதுகு. பிடரி மயிரை எண்ணிவிடலாம், அவ்வளவு கிட்டத்திலிருந்து. முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு முகம்கூட வரைந்ததில்லை.

சிரிப்பு நின்றது. அருளப்பன் காதிலிருந்ததைக் கழற்றப் போனார்.

பொற்கொடிக்கு அந்தச் சைகை அத்துபடி. சரக்கை மூடி உள்ளே வைக்கிறவனிடம்தான் நல்ல சரக்கு இருக்கும். எழுந்து நடந்தால் கூப்பிடுவான். எழுந்தாள்.

"பரவால்ல சார். உங்ககிட்ட இருக்கிறதே இவ்வளவுதான் போல."

"நில்லு. அது வேண்டாம்மா உனக்கு. வாங்கினா திருப்ப முடியாது."

"எங்க மண்டியிலயும் அப்படித்தான்."

"நல்லா யோசிச்சியா?"

"எனக்கு வேணும்."

பெறுபவர் வாய்விட்டு அப்படிச் சொன்னால்தான் ஊற்றுவாங்கி அடிவரை இறங்கும், சட்டம் அப்படி. இறங்கியது. தொண்ணூற்றொன்பது.

கைதட்ட உயர்ந்த அவள் கைகள் பாதியில் நின்றன. பிடரியில் மூச்சு பட்டது. சட்டென்று திரும்பினாள். சுவர்தான் இருந்தது. மூச்சும் அவளோடு திரும்பி, மறுபடி பிடரியில் பட்டது.

அருளப்பன் தன் பிடரியைத் தடவிப் பார்த்தார். "போயிருச்சு" என்றார், நம்ப முடியாமல்.

"நகல்தானே சார் வரும்?"

"மழை நகலாகும், சாவு நகலாகும். இது ஒரு ஆளும்மா. ரெண்டு இடத்துல எப்படி நிக்கும்?" இரக்கத்தோடுதான் சொன்னார். "நானும் பேட்டி எடுக்கப்போன பையன்தான். உன்னை மாதிரியே அடிச்சுப் பேசி வாங்கினேன். அது பின்னால நின்னு பாக்குறதை வரைஞ்சுக்கிட்டே இரு. கை ஓடுற வரைக்கும் கிட்ட வராது."

"நிறுத்தினா?"

அவர் செருப்பைத் தேடினார்.

"இதை எப்படி சார் இறக்கி வைக்கிறது?"

"உன்னைத் தேடி ஒரு மாணவன் வரணும். வாய்விட்டுக் கேக்கணும். சும்மா வருவானா? அந்த அளவுக்குப் பேர் வாங்கணும். எனக்கு முப்பத்தொரு வருஷம் ஆச்சு. நீ கெட்டிக்காரி, இருபதுல முடிச்சிருவே."

மூச்சு ஒரு விரல் அளவு நெருங்கியது. பொற்கொடிக்குப் பேரம் பேசத் தோன்றவில்லை.

"காகிதம் எங்க சார் இருக்கு?" என்றாள்.