வாடகைக் கணவனும் ஒரு மோரிஸ் மைனரும்

டெலிபோன் அடித்தது.

இஞ்ஞாசி உடனே எடுக்கவில்லை. பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறார். ஆனால் முதல் மணியிலேயே எடுத்தால் இந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்களே!

உண்மையும் அதுதான்.

கொஞ்சம் அடிக்கவிட்டு, அவசரத்தில் இருப்பவரைப் போல எடுத்தார்.

"ஹலோ..."

"பழைய கார் பாத்து விலை சொல்வீங்களே, அந்த இஞ்ஞாசி சாரா?"

பெண் குரல். இனிமையான குரல். இஞ்ஞாசி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே நாள் முழுக்க ஓடுகிற ரேடியோ அது.

"ஆமா. சொல்லுங்க."

"என் பேரு லீலா. பேப்பர்ல ஒரு மோரிஸ் மைனர் விளம்பரம் வந்திருக்கு. அம்பத்தஞ்சு மாடல். வாங்கலாம்னு இருக்கேன். நீங்க வந்து பாத்துச் சொல்லணும்."

"பாத்துட்டா போச்சு."

"குத்தம் ஒண்ணு விடாம சொல்லணும் சார். நல்லதெல்லாம் எனக்கு வேணாம். குத்தம் மட்டும்."

"அது எனக்கு நல்லா வரும்மா. அதனாலதான் இன்னும் கல்யாணம் ஆகல."

எதிர்முனையில் சிரித்தாள். அவர் சொன்னதற்கு ஒரு பெண் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று!

"இன்னொரு உதவி சார்... பொம்பள தனியா போனா ஏமாத்திருவாங்க. நீங்க என் வீட்டுக்காரர் மாதிரி வரணும். தப்பா நினைக்காதீங்க."

இஞ்ஞாசி தப்பாக நினைக்கவில்லை. மிகவும் சந்தோஷமாக நினைத்தார்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்துர்றேன். தேக்கா மார்க்கெட் வாசல்ல நில்லுங்க."

போனை வைத்தவர், வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் அடிபட்ட கார்களுக்கு மதிப்புப் போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கைகளைக் கரையேற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது தனக்கென்று யாரும் மிச்சமில்லை. ஒரு தங்கை பினாங்கில், இன்னொருத்தி ஈப்போவில். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும். மற்றபடி, யாராவது பழைய கார் வாங்கினால்தான் அவர் டெலிபோன் அடிக்கும்.

1982-இன் சிங்கப்பூரில் ஊரே புது ஜப்பான் காருக்கு அலைந்துகொண்டிருந்தது. அப்படியானால் டெலிபோன் எத்தனை தடவை அடித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை.

லூர்து மாதா கோயில் தமிழ்ப் பூசையில் வழக்கமாகக் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர், அன்றைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். சவரம் இரண்டு தடவை.

தேக்காவில் லீலா காத்திருந்தாள். நாற்பதைத் தொடுகிற வயது. குள்ளம், அவருடைய தோள் உயரம்கூட இல்லை. தலை நிறைய மல்லிகை.

"போலாமாங்க?" என்றாள்.

அந்த 'ங்க' இஞ்ஞாசியின் காதில் தேன் மாதிரி இறங்கியது. டாக்ஸியில் வாய் ஓயாமல் பேசினார். தான் தனி ஆள் என்பதையும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரொம்ப நீளம் என்பதையும்கூடச் சொல்லிவிட்டார். லீலா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அப்பர் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் அந்த வீடு. போர்ட்டிகோவில் கேன்வாஸ் மூடிய கார். பக்கத்தில் ஒரு மனிதர். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம்.

"அழகப்பன்," என்றார். "விளம்பரம் கொடுத்தது நான்தான். வண்டி என் சம்சாரத்தோடது."

"அம்மா இல்லையா?"

"மங்களமா? போன வாரம் ஊருக்குப் போயிட்டா. காரைக்குடி. இனிமே அங்கதான் இருப்பேன்னுட்டா. வண்டிய வித்துரச் சொன்னா."

"கடைசியா எப்ப ஓடுச்சு?"

"அவளுக்குக் கண்ணுல கோளாறு. ஒரு வருஷமா தொடல. ஒரு இஞ்சுகூட அசையல லா."

"நீங்க ஓட்டுறதில்லையா?"

"எனக்கு ஓட்டவே தெரியாது. கத்துக்கணும்னு தோணினதும் இல்ல."

கேன்வாஸை உருவினார்கள். சாம்பல் பச்சை நிறத்தில், இரண்டு கதவு மோரிஸ் மைனர். இஞ்ஞாசிக்கு ஒரு நிமிடம் லீலாவே மறந்துபோனாள்.

பாக்கெட்டிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, வண்டியின் உடம்பெல்லாம் ஒட்டவைத்துப் பார்த்தார். துருவைச் சுரண்டிவிட்டுப் பட்டி அப்பி மறைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் பிடிக்காது. எல்லா இடத்திலும் பிடித்தது. கதவுக்கு அடியில் தட்டினார். சத்தம் கெட்டியாக இருந்தது.

பிறகு தரையில் அட்டையை விரித்து, மல்லாக்கப் படுத்து, வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"ஏங்க... பாத்துங்க. தலையில இடிச்சுக்காதீங்க."

இடித்துக்கொண்டார். 'ஏங்க' என்று கேட்டதும் தலையைத் தூக்கியதால் இடித்துக்கொண்டார்!

வலியோடு சிரித்தபடி பக்கவாட்டில் பார்த்தவரின் சிரிப்பு அப்படியே நின்றது.

டயர்களை ஒட்டி, சிமென்ட் தரையில் நசுங்கிக் கிடந்தன... எலுமிச்சம்பழங்கள்.

வண்டி எடுக்கும்போது சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவது இந்து வீடுகளில் வழக்கம். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு முந்தைய பழம் கறுத்துக் கல்லாகியிருக்க வேண்டும். இவற்றில் இன்னும் வாசம் போகவில்லை. தோலில் டயரின் கோடுகள் அச்சாக விழுந்திருந்தன.

அசையாத வண்டி எப்படிப் பழத்தை நசுக்கும்?

மட்கார்டுக்கு உள்ளே விரலை விட்டார். செம்மண். ஈரம் இன்னும் முழுசாகக் காயவில்லை. மலையை வெட்டித் தொழிற்சாலை கட்டுகிற ஜூரோங் பக்கத்தில்தான் இந்த மண் இப்படி ஒட்டும்.

வெளியே வந்தார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"டிக்கியத் தொறக்கலாமா?"

அழகப்பன் லேசாகத் தயங்கியபடி திறந்துவிட்டார்.

டெட்டால் வாசம் மூக்கில் ஏறியது. உள்ளே விரித்திருக்க வேண்டிய மேட் இல்லை. மழித்துவிட்ட மாதிரி சுத்தம். ஸ்பேர் டயர் வைக்கிற பள்ளத்தில் துருவைத் தேடுகிற சாக்கில் கையை விட்டுத் துழாவினார்.

ஏதோ தட்டுப்பட்டது. வளையமாக, மெல்லியதாக. உள்ளங்கைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்.

வெள்ளி மெட்டி!

புருஷன் உயிரோடிருக்கும்போது எந்த மனைவி மெட்டியைக் கழற்றுவாள்? அதுவும் டிக்கிக்குள் வந்தா கழற்றுவாள்?

மங்களம் காரைக்குடிக்குப் போகவில்லை.  அந்த ஆறடி மனிதர் இஞ்ஞாசிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

மெட்டி பாக்கெட்டுக்குள் போனது.

முதலில் லீலாவைப் பத்திரமாக வெளியே கூட்டிப் போக வேண்டும். பாவம், கார் வாங்க வந்த பெண். மெதுவாக அவள் பக்கம் போனார்.

"லீலா... நாம..."

"இருங்க, ஒரு தடவை உக்காந்து பாத்துக்குறேன்."

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சீட் முன்னால் கடைசிவரை இழுத்து வைக்கப்பட்டிருந்தது. அவளுடைய குட்டைக் கால்கள் பெடல்களில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. கண்ணாடியைப் பார்த்துத் தலையில் சரிந்த மல்லிகையைச் சரிசெய்துகொண்டாள்.

கண்ணாடியை அவள் தொடவில்லை.

யாராக இருந்தாலும், அடுத்தவர் வண்டியில் ஏறினால் முதலில் கை போவது அந்தக் கண்ணாடிக்குத்தான். அதைத் திருப்பாமல் பின்னால் எதுவும் தெரியாது. லீலாவுக்குத் திருப்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஏற்கெனவே அவள் முகத்துக்குத் திருப்பிவைத்த கண்ணாடி அது!

கடைசியாக இந்த வண்டியை ஓட்டியவள், இவள்தான்.

இஞ்ஞாசிக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

"நாம... என்னங்க? ஏதோ சொல்ல வந்தீங்க?" லீலாவின் கண்கள் அவரையே கவனித்தன.

"நாம இந்த வண்டியையே எடுத்துக்கலாம்னு சொல்ல வந்தேன்."

"குத்தம் எதுவும் இல்லையா?"

"ஒண்ணுமில்ல. தொடச்சு வச்ச மாதிரி இருக்கு."

அழகப்பனும் லீலாவும் ஒரு நொடி பார்த்துக்கொண்டார்கள். முன்பின் அறியாதவர்கள் பார்த்துக்கொள்கிற பார்வை இல்லை அது.

"ஆனா ஓட்டிப் பாக்காம நான் விலை சொல்றதில்ல. ரெண்டு பேரும் ஏறுங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துரலாம்."

"பேட்டரி வீக்கா இருக்கும்..." என்று இழுத்தார் அழகப்பன்.

"பாக்கட்டுமே, என்ன இப்போ," என்றாள் லீலா.

அழகப்பன் முன்சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கி, பின்னால் நுழைந்தார். லீலா முன்னாலேயே பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். இஞ்ஞாசி தன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். கண்ணாடியைத் திருப்பினார். ஸ்டார்ட்டரை இழுத்தார்.

ஒரு வருஷமாக அசையாத வண்டி, முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பூக்கடை, வளையல் கடை, வெற்றிலைக் கடை, குடும்பம் குடும்பமாக ஜனங்கள். வண்டி ஊர்ந்தது. பார்க்கிறவர்கள் இவர்களையும் ஒரு குடும்பம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

லீலா அவர் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரொம்ப நீளம்னு சொன்னீங்களே. அடுத்த வாரம் வீட்டுக்கு வாங்க. நண்டுக் குழம்பு வைக்கிறேன்."



எதுவும் பேசாமல் இருந்தால் போதும். காந்தம் ஒட்டியது, வண்டி நல்ல வண்டி, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அவருக்காக ஒருத்தி அடுப்பு மூட்டுவாள். அவருக்கு அது வேண்டும் போல் இருந்தது. வெட்கமில்லாமல் வேண்டும் போல் இருந்தது.

அப்போதுதான் மங்களத்தை நினைத்தார். ஜூரோங்கில் எங்கேயோ, செம்மண்ணுக்கு அடியில். காரைக்குடியில் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, யாரும் தேடாமல் கிடக்கிறாள். இந்த ஊரில் அவரைவிடத் தனியான ஒரு ஆள் அவள்தான்.

"வண்டியில ஒரே ஒரு குத்தம் இருக்கு," என்றார்.

"என்னது?"

"அசையவே இல்லன்னீங்க. ஆனா அடியில எலுமிச்சம்பழம் புதுசா நசுங்கிக் கெடக்கு."



பின்சீட்டிலிருந்துதான் வெடித்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல லீலா... இந்த நேரத்துல எதுக்குடி பழம்னு சொன்னேன்ல!"

"வாய மூடுங்க."

"ஒரு வருஷமா நின்ன வண்டி, பழம் நசுக்காம எடுத்தா ஆக்சிடென்ட் ஆயிரும்னியே... போற வழியில டிக்கிய யாராச்சும் தொறந்துட்டா என்னாகும்னியே... இப்ப என்னாச்சு பாரு."

லீலாவின் கை கதவுப் பிடிக்குப் பாய்ந்தது. இஞ்ஞாசி ஆக்சிலேட்டரை மிதித்தார். ஹாரனை அழுத்தினார். ஜனங்கள் சிதறி ஒதுங்க, மோரிஸ் மைனர் ஒரு வளைவு வளைந்து, திறந்திருந்த கேட் ஒன்றுக்குள் புகுந்து, க்ரீச்சென்று நின்றது.

போலீஸ் ஸ்டேஷன்.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் ஓடிவந்தார்கள். பின்சீட்டில் மடங்கிக் கிடந்த அழகப்பனால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. யாராவது முன்சீட்டை மடக்கினால்தானே!

இன்ஸ்பெக்டர் ரவூப்பின் மேஜையில் இஞ்ஞாசி மெட்டியை எடுத்து வைத்தவுடனேயே அழகப்பன் உடைந்துபோனார். மங்களத்தின் பெயரில் இருந்த வீடு, லீலாவின் மேல் இருந்த மோகம், தலையணை, ஜூரோங் மேடு... கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

"கார கடல்ல தள்ளியிருக்கலாமே. எதுக்கு விளம்பரம் கொடுத்து, இவரையும் கூட்டிட்டு வந்தீங்க?" ரவூப்புக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"சம்சாரம் ஊருக்குப் போயிட்டா காரை விக்கிறதுதானே சார் வழக்கம். விக்கலன்னா தெருவுல கேப்பாங்க. ஒரு வெள்ளைக்காரன் வாங்க வர்றேன்னான். பழைய வண்டிப் பைத்தியம். இண்டு இடுக்கெல்லாம் பாப்பான். அதான் லீலா, முதல்ல ஊருலயே பெரிய குத்தம் சொல்ற ஆளக் கூட்டிவந்து காட்டிரலாம், அவரு கண்ணுல படாதது யாரு கண்ணுலயும் படாதுன்னா."

ரவூப் இஞ்ஞாசியைப் பார்த்தார். இஞ்ஞாசி தரையைப் பார்த்தார்.

லீலாவை விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். இஞ்ஞாசியைக் கடக்கும்போது நின்றாள். அவள் தலையில் மல்லிகை வாடியிருந்தது.

"உங்களுக்கு யாருமே இல்லன்னு சொன்னீங்க. ஒரு வார்த்தைய முழுங்கியிருந்தா, காலம் பூரா உங்க கூடவே வந்திருப்பேனே. இப்ப மட்டும் என்ன? தனியாத்தானே பஸ் ஏறிப் போகப் போறீங்க?"

இஞ்ஞாசி அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"தனியாத்தான்ம்மா போவேன். ஆனா சீட்ல உக்காந்து போவேன். உங்களோட சேந்து இருந்தவங்க டிக்கியிலல்ல போயிருக்காங்க!"