சிவப்புத் துணி கட்டிய பாதை

“கண்ணை எங்கங்க வெச்சுகினு வர்றீங்க?”

அவள் போட்ட சத்தம் பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவரில் மோதி, கீழே பெண்ணாற்றில் ஒரு முழுக்குப் போட்டு, மறுபடி மேலே ஏறி வந்து ஜீவானந்தத்தை இரண்டாம் தரம் கேட்டது...

அவன் அப்போது ஒரு முள்புதருக்குள் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வாடகை சைக்கிளும் அவளுடைய சைக்கிளும் பாதை நடுவில், மாலை மாற்றிக்கொண்ட தம்பதி மாதிரி பின்னிக் கிடந்தன.

“பிரேக் புடிக்கலங்க...”

“பிரேக்கா? அங்க மரத்துல சிவப்புத் துணி கட்டி வெச்சிருக்குதே, பார்க்கல? பச்சைத் துணின்னா போகலாம், சிவப்புன்னா எதிர்ல வர்றவங்க பாதை, போகக்கூடாது. சைக்கிள் குடுத்த ஆளு தெலுங்குலயும் சொன்னாரு, தமிழ்லயும் சொன்னாரு. எருமை மாடு கூட புரிஞ்சுகினு திரும்பியிருக்கும்!”

சொன்னார்தான். ஜீவானந்தமும் தலையை ஆட்டினான்தான். ஆனால் அந்த இரண்டு துணியும் அவன் கண்ணுக்கு ஒரே அழுக்குத் துணி. பிறந்ததிலிருந்தே அப்படி. பச்சை மிளகாயும் பழுத்த மிளகாயும் அவனுக்கு ஒரே மிளகாய். அடர்ந்த சிவப்பாக இருந்தாலோ சுத்தக் கருப்பு. முப்பத்தோரு வயது வரை இதை அவன் ஓர் உயிரிடமும் சொன்னதில்லை. பெற்றவளுக்கே தெரியாது.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே நிமிர்ந்தான்... அவ்வளவுதான். அந்தக் கண்கள்! கோபத்தில் இருக்கும்போதே இவ்வளவு பெரிசு என்றால் சிரித்தால் முகத்தில் வேறெதற்கும் இடமிருக்காது போலிருந்தது. நல்லவேளை, அவை கருப்பும் வெள்ளையும். உலகத்திலேயே அவனுக்குப் பிசகாமல் தெரிந்த இரண்டு நிறங்கள்.

“எந்த ஊருங்க நீங்க?” என்றான்.

“ஆரணி. ஏன், அட்ரஸ் குடுத்தா ரிப்பேர் செலவை அனுப்பி வைக்கப் போறீங்களா?”

“அட! நான் களம்பூருங்க!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம். அங்கே ஒரு நாளும் கண்ணில் படாதவர்கள், ஆந்திராவில் கடப்பாவையும் தாண்டி கண்டிக்கோட்டை வரைக்கும் வந்து, நாலு ஊர் அகலத்துக்குக் காலியாகக் கிடந்த இடத்தில் முட்டிக்கொண்டார்கள்.

அவள் பெயர் ஹேமலதா. வேலூர் சைக்கிள் கூட்டத்தோடு வந்தவள். கூட்டம் முன்னால் போய்விட்டது. அவனோடு வந்த செய்யார் கம்பெனி நண்பர்கள் மூவரும், ஆளுக்குப் பதினாறு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு டெண்டிலேயே சாய்ந்துவிட்டார்கள். கோணிப்போன அவள் முன்சக்கரத்தை அவன் முழங்காலில் வைத்து நிமிர்த்தினான். சக்கரம் உருண்டது, ஆனால் கல்யாண வீட்டு மாமனைப் போல ஆடி ஆடித்தான் உருண்டது. வேகமாகப் போக முடியாது. அவன் மனசு அந்தச் சக்கரத்துக்குக் கோயில் கட்டியது.

அந்தப் பள்ளத்தாக்கின் ஆழத்தை என்னவென்று சொல்வது! மேலிருந்து ஒரு கல்லைப் போட்டால், அது அடியைத் தொடுவதற்குள் கல்யாணம் பண்ணி இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். வெயிலோ, தலையில் ஊற்றிய தண்ணீரைத் தோளுக்கு வருமுன் வெந்நீராக்கியது. மேகம் என்று ஒரு வஸ்து உண்டு என்பதையே வானம் மறந்திருந்தது.

அவளோ குழந்தை மாதிரி பாறைகளைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

“அது பாருங்க, அசல் அரக்கு. அதுக்குக் கீழ வெங்காயத் தோல். ஓரத்துல ஒரு கோடு ஓடுதே, அது மாம்பழ மஞ்சள். இதையெல்லாம் ஒரே புடவையில போட்டா எப்படி இருக்கும்!”

“சூப்பரா இருக்குங்க.” அவனுக்கு எல்லாப் பாறையும் ஒரே சாக்குப்பை.

“நீங்க பாறையைப் பார்த்து சொல்ற மாதிரி தெரியலையே?”

மாட்டிக்கொண்டான். சமாளிக்க வேண்டுமே... “உங்க கருப்பு துப்பட்டாவ பார்த்து சொன்னேன்.”

அவள் சைக்கிள் சட்டென்று நின்றது. சிரிப்பும் நின்றது.

“கருப்பா? இது அரக்குங்க.”

“சும்மா... தமாசுக்கு...”

“அந்தத் தமாசு மட்டும் வேணாம்.”

ஏன் என்பது கோட்டைக்குள், பழைய தானியக் கிடங்கின் நிழலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

“நான் பட்டுப் புடவைக்கு கம்ப்யூட்டர்ல டிசைன் போடறேன். ஆனா மூணு வருஷமா கலரு எடுக்கறதில்ல. கோடு மட்டும் போட்டுக் குடுத்துடுவேன். இன்னிக்கு என்னமோ... உங்ககிட்ட வாய் ஓயாம கலரா பேசிகினு வர்றேன்.”

“மூணு வருஷமா ஏங்க?”

“ஆரணியில கருப்புப் புடவை ஹேமான்னு கேளுங்க, சொல்லுவாங்க.”

அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம். முகூர்த்தப் புடவையை மேடையில்தான் பிரிக்க வேண்டும், அதற்கு முன் யார் கண்ணும் படக்கூடாது. மடிப்பின் மேலே தெரிந்த முந்தானை நல்ல அரக்கு. தட்டில் வைத்துப் பிரித்தார்கள். உடல் முழுக்கக் கருப்பு. நெய்தவரைக் கேட்டால், ‘சாயம் போட்டு வந்த நூலை நெய்தேன், இப்போதெல்லாம் கருப்பும் கேட்கிறார்களே’ என்றார். மாப்பிள்ளையின் அம்மா அலறிய அலறலில் மண்டபத்து மேளம் தானாக நின்றதாம். கல்யாணமும் நின்றது.

“சாயம் போட்டவன் யாருன்னு ஒருத்தரும் தேடலைங்க. என் ராசின்னு முடிச்சுட்டாங்க. எங்கப்பா சிவப்பிரகாசம் புடவை வியாபாரி, ஆனா அதுக்கப்புறம் ஒரு கல்யாணத்துக்கும் போறதில்ல. போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம். புடவைத் தட்டைத் தூக்கும்போது எங்க அண்ணி ஸ்வர்ணலதா, ‘நீ சாப்பாட்டு ஹால்ல போயி இரு ஹேமா’ன்னாங்க. நானும் போயி இருந்தேன்... எனக்கே நம்பிக்கை வந்துடுச்சுங்க. என் கண்ணு பட்டா கலரு கெட்டுப் போகும்னு.”

ஜீவானந்தத்தின் வாயில் புளிசாதம் அப்படியே நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் ஆரணியில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். பெயர்ச்சீட்டைப் படித்தும், எந்த டப்பா எங்கே இருக்கிறது என்ற ஞாபகத்திலும்தான் ஆறு வருஷம் ஓட்டினான். ஒரு நாள் மழைத் தண்ணீர் புகுந்து சீட்டெல்லாம் ஊறிப் போயின. யாரோ டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கினார்கள். அரக்கு போட வேண்டிய நூலுக்கு அவன் கண்ணை நம்பி ஒரு டப்பாவை எடுத்தான். அந்த நூல் புடவையாகி மேடை ஏறி ஒரு வாரம் கழித்து, கருப்புப் புடவையால் நின்ற கல்யாணம் பற்றிப் பட்டறையில் பேச்சு வந்தது. மறுநாளே செய்யாரில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லி நின்றுவிட்டான்.

பேசாமல் இருந்துவிட்டால்? இவளுக்குத் தெரியவே போவதில்லை. இந்தக் கண்கள் தன்னைப் பார்த்து இப்படியே சிரிக்கும்... ராசி கெட்டவள் என்று நம்பிக்கொண்டே சிரிக்கும்.

சாயங்காலம் பள்ளத்தாக்கின் விளிம்பில் அவள் போனை நீட்டினாள். “நம்பர் போடுங்க. ஞாயித்துக்கிழமை ஆரணியில டீ சாப்பிடலாம். வர்றப்ப சிவப்புத் துணியப் பார்த்து வாங்க!”

அவன் போனை வாங்கவில்லை.

“எனக்கு சிவப்பு தெரியாதுங்க.”

“மறுபடியும் தமாசா?”

“உங்க துப்பட்டா நிஜமாவே எனக்குக் கருப்பாதான் தெரியுது. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். அந்த முகூர்த்தப் புடவை நூலுக்கு சாயம் போட்டது நான்தாங்க. உங்க ராசி இல்ல. என் கண்ணு.”

அவளுடைய அந்தப் பெரிய கண்கள் நிறைந்தன, வழிந்தன. அன்றைக்கு அந்தப் பாலைக்கு வந்த மழை அது மட்டும்தான்.

“எப்ப தெரியும் உனக்கு?”

மரியாதை போய்விட்டதை அவன் கவனித்தான். போகட்டும்.

“கல்யாணம் நின்ன ஒரு வாரத்துல.”

“ஒரு வாரத்துல! அப்புறம் மூணு வருஷம் என்னா பண்ணிகினு இருந்த?”

“பயமா இருந்துச்சு. கண்ணு இப்படின்னு தெரிஞ்சா எங்கயும் வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்கன்னு...”

“மத்தியானமே உனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் வரைக்கும் ஏன் வாயத் தொறக்கல?”

“நீங்க போயிடுவீங்கன்னு.”

அவள் துப்பட்டா நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“மூணு வருஷமா நான் பார்த்து சிரிச்ச ஒரே ஆளு நீதான். சொல்லிட்டேன், தெரிஞ்சுக்கோ. ஆம்பளைங்கன்னாலே பேஜாருன்னு இருந்தவ, காலையில முள்ளுக்குள்ள உக்காந்து முழிச்சியே, அப்பவே எனக்குப் புடிச்சுப் போச்சு. இப்பவும் புடிச்சுத் தொலைக்குது. அதுக்குத்தான் அழுவுறேன். அந்தக் கல்யாணத்துக்கு இல்ல.”

“ஹேமா...”

“பேசாத. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா. எங்கப்பாகிட்ட, எங்க அண்ணிகிட்ட, சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் இப்ப சொன்னத அப்படியே சொல்லு. சொல்லிட்டுப் போயிடு. டீ கெடையாது.”

“வரேங்க.”

அவள் ஆடும் சக்கரத்தோடு பச்சைத் துணி கட்டிய பாதையில் தனியாகப் போனாள். ஒரு தரமும் திரும்பவில்லை.

விளிம்பில் தள்ளி நின்ற வேலூர்க் கூட்டம் சூரியன் விழுவதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. “என்னா சிவப்புடா! மலையே பத்தி எரியுது!”

ஜீவானந்தமும் பார்த்தான். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க, அடி முதல் நுனி வரை, யாரோ ஒரு முகூர்த்தப் புடவையைப் பிரித்துப் போட்ட மாதிரி, கருப்பாகக் கிடந்தது.