மிதிச்சாச்சு

இழுவை வண்டி அந்தக் காரை எங்கள் தெரு மேட்டில் இழுத்துக்கொண்டு வந்தபோது நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அதற்கு முன்னால் ஓடி வந்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு பல் தெரியவில்லை.

"பாரேன்! எப்படி இருக்கா பாரேன்!"

"சக்களத்தியைக் கூட்டிட்டு வந்துட்டு, எப்படி இருக்கான்னு என்கிட்டயே கேக்கறீங்களா?"

அவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். பகலெல்லாம் மாத்திரை அட்டை, லீவு நாளெல்லாம் கிரீஸ். ஒரு பழைய காரை வாங்கி, தன் கையாலேயே பிரித்து மாட்டி, ஒரு நாளாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக என் காதைத் துளைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வந்து நின்றது பச்சை நிறம் மங்கிப்போன ஒரு கிழட்டு வண்டி. முன்பக்கம் ஒரு காலத்தில் நசுங்கி, அரைகுறையாக நிமிர்த்தப்பட்டிருந்தது.

வண்டியோடு அதன் பழைய சொந்தக்காரரும் வந்திருந்தார். வயதானவர், தலையில் கம்பளித் தொப்பி. அன்றிலிருந்து எனக்கு அவர் தொப்பிக்காரர்தான். ஷெட்டுக்குள் வண்டியைத் தள்ளி நிறுத்தியதும் கதவைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"என் சம்சாரம் இதுலதாம்மா போனா. புதுசா ஓட்டப் பழகினா. இறக்கத்துல பதட்டத்துல மாத்தி மிதிச்சுட்டா. பிரேக்குனு நெனச்சு ஆக்சிலேட்டரை. பொம்பளைங்க கால் அப்படித்தானே?"

பலமுறை சொல்லிச் சொல்லி மழுங்கிப்போன பேச்சு அது. கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தையல்காரி. என் வலது கால் சொல்வதைத்தான் என் மெஷின் கேட்கும். ஒரு நூல் அளவு அமுக்கு என்றால் ஒரு நூல் அளவுதான் அமுக்கும். ஆனாலும் வீட்டுக்கு வந்தவரிடம் என்ன சொல்ல முடியும்? வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கிளம்பும்போது அவர் ஒரு நிபந்தனை போட்டார். வண்டி தயாரானதும் முதல் ஓட்டம் அவர் ஓட்ட வேண்டும். யாருக்குமே 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாத என் கணவர் தலையாட்டிவிட்டார்.

அவர் போனதும் பிடித்துக்கொண்டேன். "ஒரு உயிர் போன வண்டினு என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொன்னா விட்டிருப்பியா?" என்று அசடு வழிந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு முழுக்கத் துருவும் பெட்ரோலும்தான் மணத்தன. நானும் எவ்வளவு நாள்தான் முறுக்கிக்கொண்டு இருப்பது? சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தேன். அளவெடுக்க முன்சீட்டில் குனிந்தபோதெல்லாம் ஒரு வாசனை வந்தது. முகத்துக்குப் போடும் பவுடர் வாசனை. பழைய உறையைக் கிழித்தெறிந்த பிறகும் வந்தது. பெட்ரோல் நெடிக்கு அடியில், யாரோ இப்போதுதான் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி.

ஒருநாள் என் கணவர் பிரேக் வேலையை ஆரம்பித்தார். பெடலைக் கழற்றிக்கொண்டு வந்து என் தையல் மேஜைமேல் வைத்தார்.

"இந்தத் தண்டைப் பாரு. இரும்பு வளைஞ்சிருக்கு. எவ்வளவு பலமா மிதிச்சா இப்படி வளையும்?"

"பின்னே மாத்தி மிதிச்சாங்கன்னு சொன்னாரே அவரு?"

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். "பின் சக்கரத்து பிரேக் குழாய் இணைப்புல செம்பு வாஷரே இல்லை. மெக்கானிக் எவனும் அப்படி விடமாட்டான். யாரோ வீட்டுல செஞ்ச வேலை. ஆயில் கசிஞ்சு போயிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வேண்டாத நினைப்பு வந்தால் இந்த மனுஷன் எழுந்துதான் போவார்.

பெடலை நிமிர்த்தி, புது வாஷர் போட்டு, புது ஆயில் ஊற்றினார். குழாயில் காற்று நின்றால் பிரேக் பிடிக்காதாம். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து, "மிதிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து காற்றை விட்டுவிட்டு மூட வேண்டும். மூடும்வரை உள்ளே இருப்பவர் காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். முன் சக்கரங்களுக்கு நான்தான் மிதித்தேன். அவசரப்பட்டுக் காலை எடுத்து அவரிடம் பேச்சும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் நல்ல வெயில். எனக்கு அவசரத் துணி ஒன்று இருந்தது. அவர் ஷெட்டில் வண்டிக்கடியில் படுத்திருந்தார். நான் தைத்து முடித்து நூலை வெட்டும்போது கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னிக்குத்தான் ஒழுங்கா மிதிச்சே! கொஞ்சம்கூட அசைக்கலை. பின் சக்கரம் ரெண்டும் முடிஞ்சிது. தொண்டை மட்டும் ஏன் அப்படிக் கட்டியிருக்கு? மிதிச்சாச்சு, மிதிச்சாச்சுனு கிசுகிசுன்னு சொல்றே."

கத்திரி என் கையிலேயே நின்றது.

"நான் எங்கங்க வந்தேன்?"

"விளையாடாதே."

"நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. மெஷின் சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

கேட்டிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. மெஷின் சத்தமும் கேட்டிருக்கிறது. 'மிதிச்சாச்சு'வும் கேட்டிருக்கிறது. வேலை மும்முரத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அவர் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எனக்கு எதையும் தொட்டுப் பார்க்காமல் மனசு அடங்காது. வாங்க என்று அவரையும் இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

கார் கதவு திறந்திருந்தது. பவுடர் வாசனை மூக்கை நிரப்பியது. சீட்டில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை பிரேக் பெடல்மேல் வைத்தேன்.

பெடல் இல்லை.

ரப்பரும் இல்லை, இரும்பும் இல்லை. என் பாதத்துக்கு அடியில் இன்னொரு பாதம் இருந்தது.

சில்லென்று இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சின்னக் கால். நரம்பு புடைக்க, முழு பலத்தோடு கீழே அமுக்கிக்கொண்டிருந்த கால். அதன் நடுக்கம் என் முழங்கால் வரை ஏறியது. குனிந்து பார்த்தேன். என் கால் மட்டும்தான் தெரிந்தது.

காதோரம் மூச்சுக்காற்று.

"மிதிச்சேன்... மிதிச்சேனே..."

நான் எப்படி வெளியே வந்து விழுந்தேன் என்று தெரியவில்லை. என் கணவர் என்னைத் தூக்கி நிறுத்தும்போது அழுதுகொண்டிருந்தேன். பயத்தில் மட்டும் இல்லை. அந்தக் குரலில் இருந்தது கோபமே இல்லை, கெஞ்சல். யாராவது ஒருத்தராவது நம்புங்களேன் என்ற கெஞ்சல்.

"அவங்க பிரேக்கைத்தாங்க மிதிச்சிருக்காங்க. இரும்பு வளையற அளவுக்கு மிதிச்சிருக்காங்க. பிரேக்தான் பிடிக்கலை. அந்த ஆளு வாஷர் போடாம மாட்டிட்டு, செத்தவங்க தலையில பழியைப் போட்டுட்டாரு."

"அவர்தான் மாட்டினாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும். உண்மை வெளிய வர்ற வரைக்கும் இந்த வண்டியில நீங்க ஏறக் கூடாது. எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

தலையாட்டினார். ஆனால் முதல் ஓட்டத்துக்குத் தொப்பிக்காரருக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த லீவு நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவர் வந்து நின்றார். வண்டி புதுப் பச்சைப் பெயிண்டில் பளபளத்தது. ஓட்டுநர் சீட்டில் அவர் பக்கவாட்டில் உட்கார்ந்தார். கால்கள் இரண்டும் வெளியே, தரையில்.

"அடேயப்பா, அன்னிக்கு வாங்கினப்போ இருந்த மாதிரியே இருக்கு! அவ மட்டும் அன்னிக்கு மாத்தி மிதிக்காம இருந்திருந்தா..."

"சார்," என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. "அன்னிக்கு பிரேக் வேலையைச் செஞ்சது யாரு?"

அவர் சிரிப்பு நின்றது. "ஏம்மா, ஒரு வாஷர் குறைஞ்சதுக்கா இவ்வளவு கேள்வி?"

வாஷரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கணவரும் பேசவில்லை.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. கழுத்து சிவந்தது. "சாயங்காலம் கடைக்குப் போய் வாங்கிப் போட்டுக்கலாம்னு இருந்தேன். ஒரு சுத்துதானேன்னு விட்டேன். அதுக்கும் அவ செத்ததுக்கும் சம்பந்தமே கிடையாது. எங்க வீட்டு கேட் பக்கத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன். அவ மாத்தித்தான் மிதிச்சா!"

அவருடைய கால்கள் இன்னும் வெளியேதான் இருந்தன.

உள்ளே பெடல் கீழே இறங்கும் சத்தம் கேட்டது.

வண்டிக்குப் பின்னால் ஷெட் சுவர் சிவந்தது. பிரேக் விளக்கு.

என் கணவரும் பார்த்தார். எங்களையே முறைத்துக்கொண்டிருந்த தொப்பிக்காரர் கண்ணில் அது படவில்லை. நான் என் கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். பித்தான் தெறித்து விழுந்தது.

"ஏறாதீங்க. சத்தியமா ஏறாதீங்க. சார், நீங்களும் இறங்கிடுங்க. அவங்க உள்ளதான் இருக்காங்க. மிதிச்சாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க."

"பைத்தியமா உனக்கு?" காலை உள்ளே எடுத்துக் கதவை அறைந்து சாத்தினார். "நீங்க வராட்டி போங்க. நான் ஓட்டிக் காட்டறேன்."

எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. சுவரில் இருந்த சிவப்பு அணைந்தது. வண்டி கேட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியது. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. தெருக்கோடியில் சாலை திரும்பும் இடத்தில் ஒரு மதில் உண்டு. நான் அந்தப் பின்விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரியும், இப்போது எரியும் என்று பார்த்தேன்.

எரியவே இல்லை.

நாங்கள் ஓடிப் போனபோது தெருவே கூடியிருந்தது. அவருக்கு உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிதிச்சேம்மா. பெடல் இறங்கவே இல்லை. கீழ... கீழ ஒரு கால் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்துது."

"பாவம், வயசானவரு," என்றார் கூட்டத்தில் ஒருவர். "பதட்டத்துல மாத்தி மிதிச்சுட்டாரு."

அதைக் கேட்டபோது தொப்பிக்காரர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னாராம். நான் மிதிச்சேன், நான் மிதிச்சேன் என்று. வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக் கச்சிதமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய மகன்கூட நம்பவில்லை. நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, ஆத்திரமும் தீரவில்லை.

"நான் நம்பறேன் சார். அதே மாதிரி அவங்களும் மிதிச்சாங்கன்னு உங்க பையன்கிட்ட சொல்லிடுங்க. அது போதும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். கடைசிவரை சொல்லவில்லை.

நசுங்கிய வண்டி எங்கள் ஷெட்டுக்கே திரும்பி வந்தது. என் கணவர் அதன் பக்கமே போகாமல் இருந்து பார்த்தார். பிறகு ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பட்டப்பகலில், நான் வாசலில் நிற்க, உள்ளே போய் எல்லாவற்றையும் கழற்றினார். பிரேக் பெடல், குழாய்கள், ஆயில் டப்பா, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் கட்டைகள், எதையும் விடவில்லை. பிரேக் என்று சொல்ல அந்த வண்டியில் ஒரு துரும்பு மிச்சமில்லை. கழற்றியதை எங்கோ கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வந்து தலைக்குக் குளித்தார்.

மறுநாள் காலை பழைய இரும்பு வாங்குகிறவர் லாரியோடு வந்தார். வண்டியில் சங்கிலியை மாட்டி இழுத்தார். நகரவில்லை. இன்னும் இழுத்தார். சக்கரம் நான்கும் சுற்றாமல் தரையைக் கீறிக்கொண்டு கிரீச்சிட்டன. லாரியின் முன்பக்கம்தான் தூக்கியது.

"என்னங்க இது, பிரேக் இறுகிக் கிடக்கா?"

"அதுல பிரேக்கே இல்லைங்க," என்றார் என் கணவர்.

இரும்புக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டிப் பக்கம் போனார். உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். எதையும் கண்டு மிரண்டவர் மாதிரித் தெரியவில்லை. கையைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஏன்மா, உங்க வீட்டு அம்மா உள்ள உட்கார்ந்து பலமா மிதிச்சுக்கிட்டு இருக்காங்க, அப்புறம் வண்டி எப்படி நகரும்? காலை எடுக்கச் சொல்லுங்க," என்றார்.