தரை தொடாத குடம்

“விடுங்க!” என்று கத்தினாள் தெக்லே.

அவன் விடவில்லை... எப்படி விடுவான்? அவள் கால் வழுக்கி, தோளிலிருந்த மண்குடம் துள்ளிப் பறந்து, பாறையில் மோத இரண்டு சாண் இருக்கும்போதுதான் பாய்ந்து பிடித்திருந்தான். வாயை மெழுகு வைத்து அடைத்த குடம். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதை நெஞ்சோடு அணைத்தபடி மண்டியிட்டு, ஒரு நன்றியாவது வரும் என்று நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குச் சாம்பல் நிறக் கண்கள்... இமையில் காலைத் தூறல்...

அழகான கண்கள்தான் என்று அவள் மனம் சொன்னது. சும்மா இரு என்று அவள் அதை அதட்டினாள்.

“யோவ், உங்கள யாரு பிடிக்கச் சொன்னது?”

“ஏங்க, உடைஞ்சு போயிருக்குமே!”

“உடைஞ்சா போகட்டும். தொட்டுட்டீங்களே!”

“தரையில விழுந்தா?”

“அதுவும் தப்பு. குடம் தரையைத் தொடக்கூடாது, வேற்றுக்கை படக்கூடாது. கோயிலுக்கு நேர்ந்த ஒயின், நேர்ச்சைக் குடம் இது.”

“விழுந்தாலும் தப்பு, பிடிச்சாலும் தப்புன்னா நான் என்னதாங்க பண்ணியிருக்கணும்?”

“இங்க இல்லாம இருந்திருக்கணும்!”

அவன் பக்கத்துக் கல்லைப் பார்த்தான். அவள் வழுக்கி விழுந்ததே அவன் சாயம் பூசிய கல்லில்தான். மலையேறிகளுக்கு வழி தெரிய, கல்லுக்குக் கல் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டுக்கொண்டே போவது அவன் வேலை. அந்தக் கல்லில் ஈரம் காயவில்லை. இப்போது குடத்தைச் சுற்றிய வெள்ளைத் துணியிலும், அதற்கு மேலே மண்ணின் மீதும், அவனுடைய ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

கீழே அலஸானிப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம். அதற்கு அப்பால் பனி மூடிய காக்கசஸ். தெக்லே அதை எதையும் பார்க்கவில்லை. அந்தச் சிவப்புக் கையைப் பார்த்தாள்... அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினாள்.

“டர்பன்டைன் இருக்கு, துடைச்சிரலாம்,” என்றான் அவன் மெதுவாக. “யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்ல?”

குடத்தை வாங்கினாள். தோளில் ஏற்றினாள். வந்த வழியே இறங்கத் தொடங்கினாள்.

“ஏங்க... கோயில் மேலதானே இருக்கு?”

“முதல்லேர்ந்து வர்றேன்,” என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

இந்தப் பள்ளத்தாக்கின் காகேத்திக்காரர்களான எங்களுக்குக் கழுதைப் பிடிவாதம் என்று மேற்கே இமெரெத்தி மாகாணத்தில் சொல்வார்கள். பொய் என்று இங்கே யாரும் மறுத்ததில்லை. அவன் இமெரெத்திக்காரன், பெயர் ஜாபா. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பிடிவாதத்தை நேரில் பார்த்தவன், சாய டப்பாவை மூடிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினான்.

*

போன செப்டம்பரில் அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தெக்லேயின் அப்பா வானோ ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். திராட்சையைப் பறித்ததும் மிதித்ததும் சாற்றைத் தரைக்கடியில் புதைத்த பெருஞ்சாடிகளில் ஊற்றி மூடியதும் தெக்லேதான். “பொம்பளை இறங்கின பாதாள அறையில எல்லாம் காடியாத்தான் போகும்,” என்றார் பெரியப்பா தாமாஸ். ஏப்ரலில் சாடியைத் திறந்தார்கள். காடியாகவில்லை. பெரியப்பா ஒரு கிண்ணம் குடித்தார், இரண்டு கிண்ணம் குடித்தார், மூன்றாவதையும் முடித்துவிட்டு வேறு கொக்கியைப் போட்டார்.

“சரி. புனித கியோர்கி திருநாளன்னைக்கு நம்ம வீட்டு நேர்ச்சைக் குடத்தை நீயே சுமந்து, முறை தப்பாம, பன்னெண்டு மணி அடிக்கிறதுக்குள்ள மலைக்கோயில்ல கொண்டாந்து சேர். சேர்த்துட்டா பாதாள அறையும் தோட்டமும் உன் பொறுப்பு. இல்லன்னா திபிலிசியிலேர்ந்து என் மாப்பிள்ளை வந்து பாத்துக்கட்டும்.”

அந்த மாப்பிள்ளை தலைநகரில் செல்போன் கடை வைத்திருப்பவர். கொடியை எந்த மாதத்தில் கவாத்து செய்வது என்று கேட்டால் கூகுளில் தேடுவார்.

இன்றுதான் அந்தத் திருநாள். வாசலில் ஊன்றுகோலோடு நின்ற வானோவுக்கு மகள் திரும்பி வருவதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அவளுக்குப் பின்னால் வந்த ஆளைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

“என்னம்மா ஆச்சு?”

“வழியில ஒண்ணு குறுக்க வந்துடுச்சுப்பா.”

“அந்த ஒண்ணு நான்தாங்க,” என்றான் ஜாபா, தொப்பியைக் கழற்றி.

விஷயத்தைக் கேட்டதும் வானோவுக்குக் கோபம் வரவில்லை. குடத்தின் மெழுகை உடைத்தார், ஒரு மண்கிண்ணத்தில் ஊற்றினார். “வேற்றுக்கை பட்டது கோயிலுக்கு ஆகாது. கீழே கொட்டவும் கூடாது. தொட்டவன்தான் குடிக்கணும். குடிங்க தம்பி.”

“உங்க ஊரு ஒயினு டீ மாதிரி இருக்கும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க...” என்று சிரித்துக்கொண்டே வாயில் வைத்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது. பழுத்த மஞ்சள் நிறத்தில், வால்நட் தோலின் துவர்ப்போடு, முடிவில் தேன் போல ஏதோ ஒன்று... கிண்ணம் காலியாகும்வரை அவன் பேசவில்லை. ஓர் இமெரெத்திக்காரன் அவ்வளவு நேரம் பேசாமல் இருப்பதே பெரிய பாராட்டு.

“யாரு செஞ்சது?”

“நான்,” என்றாள் தெக்லே, புதுக் குடத்தின் வாயில் மெழுகைத் தேய்த்தபடி.

அவன் அவளைப் பார்த்தான். முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தான். முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியில் மண், ஒட்டிய ஈரக் கூந்தல்... நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் பின்னால் வந்திருந்தான். வாயில் வந்ததோ வேறு கேள்வி.

“ஐயா, இந்த வேற்றுக்கைன்னா யார் யாரு?” என்றான் வானோவிடம்.

“வீட்டுல பொறந்தவங்க தொடலாம். வீட்டுக்கு மருமகளா வந்தவ தொடலாம், மாப்பிள்ளையா வந்தவன் தொடலாம். நீங்க இதுல எதுலயும் சேர்த்தி இல்லையே தம்பி?”

“அப்பா!”

“கேட்டாரு, சொன்னேன்,” என்றார் வானோ, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

*

மணி எட்டரை. இன்னும் மூன்றரை மணி நேரம். ஏறும் வழியே மூன்று மணி நேரம்.

பத்தடி பின்னால் ஜாபா வந்தான், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு.

“இதென்ன கோலம்? போலீஸ் பிடிச்சுட்டுப் போற மாதிரி?”

“இந்தக் கைங்க மேல நம்பிக்கை இல்லைங்க. எதைப் பாத்தாலும் பிடிச்சிருது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. குடம் ஆடியது. “சிரிக்க வைக்காதீங்க!”

“சரி, சோகமா ஏதாவது சொல்லவா? எங்க ஊர்ல கொடியை மரத்துமேல ஏத்தி விடுவோம். நான் ஒன்பது தடவை விழுந்திருக்கேன்.”

“பத்தாவது தடவை?”

“பத்தாவது நீங்க விழுந்தீங்க.”

கொடிவரிசைகள் முடிந்து ஓக் மரங்கள் வந்தன. கோயிலுக்குப் போகும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். சிலர் வெறுங்காலோடு, சிலர் ஆட்டுக்குட்டியை இழுத்துக்கொண்டு. குடத்தைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும், “பொண்ணா சுமக்குது?” என்று முணுமுணுத்தார். தெக்லே கேட்டும் கேளாதவள் போல நடந்தாள். தோள் எரிந்தது. இடது தோளுக்கு மாற்றினாள், பிறகு வலது, பிறகு மீண்டும் இடது. உட்காரவில்லை.

“ஒரு நிமிஷம் நின்னா என்ன?” என்றான் அவன்.

“நின்னா மறுபடி கிளம்ப மாட்டேன். நேரமோ முறையோ தப்பினா தோட்டமும் சாடிங்களும் பெரியப்பா மாப்பிள்ளைக்குப் போயிடும்.”

“இன்னைக்கோட இங்க என் வேலை முடியுது. இந்த மலையில இன்னும் ஒரு கோடுதான் மிச்சம். அப்புறம் கணவாய் தாண்டி அந்தப் பக்கம்...” அவன் குரல் என்னவோ மாதிரி இருந்தது.

திக்கென்றது அவளுக்கு. காலையில் பார்த்த ஆள்... போனால் என்ன? “நல்லபடியா போயிட்டு வாங்க,” என்றாள். சொன்ன பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடைக்கு வந்தபோது தண்ணீர் முழங்கால்வரை செந்நிறமாக ஓடியது. அவன் முன்னால் இறங்கி நின்று கையை நீட்டினான். குடத்திடம் அல்ல, அவளிடம்.

“பிடிச்சுக்குங்க.”

“வேண்டாம்.”

“குடத்தைத்தான் தொடக்கூடாது. உங்க கையைத் தொடக்கூடாதுன்னும் முறை இருக்கா?”

“அது என் முறை. பொண்ணு எவனோ ஒருத்தன் கையைப் பிடிச்சுத்தான் வந்து சேர்ந்தாள்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது.”

எவனோ ஒருத்தன். சொல் வாயை விட்டுப் போய்விட்டது. மழையில் அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான். அவள் தனியாகவே ஓடையைக் கடந்தாள். நடுவில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் இடுப்புவரை ஏறி இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கடந்தாள். அவளுக்குக் கீழ்ப்புறமாக நின்று, எதையும் தொடாமல், அவள் ஏறும்வரை அவன் காத்திருந்தான்.

அதன்பிறகு அவன் இருபதடி பின்னாலேயே வந்தான். கோயிலுக்கு இருநூறு அடி கீழே பாதை பிரிந்தது. அவன் நின்றான்.

“இந்தக் கல்லுல ஒரு கோடு போடணும். இதான் கடைசி. போங்க, நேரமாச்சு.” கொஞ்சம் தயங்கினான். “உங்க ஒயினை மறக்க மாட்டேன். அதைச் செஞ்சவங்களையும்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோயில் முற்றத்திலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஏறினாள்.

*

கோயில் வாசலில் பெரியப்பா தாமாஸ் நின்றிருந்தார். கறுப்புக் கோட்டு, சீவிய வெள்ளை மீசை, சுற்றிலும் அரை ஊர். பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம். அவர் கண்ணிலும் ஆச்சரியம் தெரிந்தது. அதை மறைக்க உரக்கக் கேட்டார், வீட்டின் மூத்தவர் கேட்கவேண்டிய கேள்வியை.

“தரை தொட்டுச்சா?”

“இல்லை.”

“வேற்றுக்கை பட்டுச்சா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. அது உண்மையும்கூட. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு முறை மலை ஏறினாள். சாடிகள் அவளுடையவை, கொடிகள் அவளுடையவை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது...

கீழே பார்த்தாள். மழை விட்டு, பனிமலை முழுவதும் வெளியே வந்திருந்தது. பாதை பிரியும் கல்லின் முன் அவன் குனிந்திருந்தான். கோட்டைப் போட்டு முடித்துவிட்டு, தூரிகையைத் துடைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். இறங்கத் திரும்பினான்.

இப்போது சொல்லாவிட்டால், இந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? ஒவ்வொரு வருஷமும் சாடியைத் திறக்கும்போது இந்த முதுகுதானே ஞாபகம் வரும்?

“பெரியப்பா, கொஞ்சம் பொறுங்க.”

“என்னது? எங்க போற? ஏய், மணி அடிக்கப் போறாங்க!”

தெக்லே குடத்தோடு படிகளில் இறங்கினாள். ஊர் வாயைப் பிளந்தது. காலடிச் சத்தம் கேட்டு ஜாபா திரும்பினான். அவள் மூச்சு வாங்க அவன் முன்னால் வந்து நின்று, குடத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“இந்தாங்க.”

அவன் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின. “என்னங்க பண்றீங்க? வேற்றுக்கை...”

“வேற்றுக்கைன்னா வாங்காதீங்க.”

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் அந்தச் சாம்பல் கண்கள் விரிந்தன.

“தெக்லே... எல்லாம் போயிடும். தோட்டம், சாடிங்க...”

“தெரியும். ஓடையில உங்க கை வேண்டாம்னு சொன்னேன் பாருங்க, அது பொய். வேணும். இன்னைக்கு மட்டும் இல்ல. கணவாயைத் தாண்டிப் போகணும்னா போய் உங்க வேலைய முடிங்க. ஆனா முடிச்சுட்டு எங்க வீட்டுக்கு வரணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, போதுமா?” அவள் குரல் உடைந்தது. “சீக்கிரம் சொல்லுங்க, தோள் வலிக்குது.”

அவன் இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்தான். குடத்தை வாங்கினான். வாங்கும்போது அவள் விரல்களும் அந்தக் கைகளுக்குள் சேர்ந்து மாட்டிக்கொண்டன. அவன் விடவில்லை, அவளும் இந்த முறை விடச் சொல்லவில்லை.

“காலையில குடத்தைப் பிடிக்கும்போது உடைஞ்சிடுமோன்னு பயந்தேன்,” என்றான் தாழ்ந்த குரலில். “இப்பதான் நிஜமா பயமா இருக்கு.”

“வாங்க, ஏறலாம்.”

சேர்ந்து ஏறினார்கள், குடத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருவன். மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் இழுக்க மறந்து நின்றார். தாமாஸ் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவன் சட்டையின் சாயக் கறையை, சேற்றுக் காலணியை, குடத்தைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார். நெடுநேரம் மீசையை நீவினார். பிறகு, அவளிடம் கேட்ட அதே கேள்வியை அவனிடம் கேட்டார்.

“வேற்றுக்கை பட்டுச்சா?”

ஜாபா ஒருமுறை தெக்லேயைப் பார்த்தான். நிமிர்ந்தான்.

“இல்லை, மாமா.”

யாரோ ஒரு பெண் கூட்டத்தில் சிரித்துவிட்டாள். தாமாஸின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. ஊர்ப்பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்கல்ல? வழியை விடுங்க, எங்க வீட்டுக் குடம் உள்ள போகட்டும்.”