ஈரமண்ணில் எத்தனை அடி

சத்தத்துக்கு முன்னால் பாதம்தான் அறிந்தது. அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த நவமணியின் உள்ளங்காலில், மண்தரைக்கு அடியில் ஏதோ ஒன்று புரண்டு படுத்ததுபோல ஓர் உதறல் ஏறி, முழங்கால் வழியாக வந்து பல்லுக்குள் நின்றது. அதற்குப் பிறகுதான், ஆற்றோரச் சதுப்பிலிருந்து, ஈரச்சாக்கைத் தரையில் போட்டதுபோன்ற அந்த மங்கிய சத்தம் கேட்டது.

ஜப்பான்காரர்கள் மூன்று நாளாக அங்கே வெடி புதைத்துக்கொண்டிருந்தார்கள். படகுகளை மறைக்க வாய்க்கால் வெட்டுகிறார்களாம். அந்தக் கெடா ரப்பர் தோட்டத்தைவிட்டு வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் மூன்று வருஷமாகிவிட்டது. ஆபிசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவள் கணவன் கார்த்திகேசு, கொஞ்சம் ஜப்பான் பேச்சுக் கற்றுக்கொண்டு, இப்போது அவர்களுடைய ஆபிசரின் நிழலாகத் திரிந்தான்.

அன்று மத்தியானம், சதுப்பில் போய் விழும் காண் வாய்க்காலில் தண்ணீர் மொள்ளப் போனவள், கெளுத்தியும் விராலும் வயிறு மேலாக மிதப்பதைக் கண்டாள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அழுத்தியபோதுதான், தோலுக்கு உள்ளே எல்லாம் கூழாக நழுவியது.

கார்த்திகேசுவிடம் காட்டினாள். அவன் சிரித்தான்.

"காஞ்ச மண்ணுல நடுவுல நடுவுல காத்து இருக்கும். அடிய அது முழுங்கிடும். தண்ணி ஊறுன மண்ணுல அதுக்கு எடமே இல்ல. ஒதை தேயாம போய்க்கிட்டே இருக்கும். எத்தன அடி போவுதுன்னு ஆபிசருக்குத் தெரியணுமாம்."

"தெரிஞ்சு என்னங்க பண்ணப்போறாரு?"

அவன், தோட்டத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத சோப்பைப் போட்டுக் கைகளை நெடுநேரம் கழுவினான்.

மறுநாள் காலை, கூலிக்காரர்கள் குடியிருந்த கீழ்லயத்து ஆட்களைக் கூப்பிட்டான். "இன்னிக்குப் பெரிய வெடி. கல்லு, மரத்துண்டெல்லாம் பறந்து வரும். சதுப்போரத்துல குழி வெட்டியிருக்கு. எறங்கி உக்காந்துக்குங்க, அதுதான் பத்திரம்." பிறகு நவமணியிடம் வந்தான். "தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு நீயும் போ."

"அதுவும் ஈரமண்ணுதானேங்க?"

"நான் சொன்னா நம்பமாட்டியா?"

சரிந்திருந்த அவள் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டான். பன்னிரண்டு வருஷத்தில் அவனை அவள் நம்பாமல் இருந்ததில்லை. தங்கை செல்லாயியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

குழி, வெடி வைத்த இடத்துக்குக் குறுக்கே வெட்டப்படவில்லை. அங்கிருந்தே புறப்பட்டு, அளவுக்கயிறு பிடித்ததுபோல நேராக நீண்டது. முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். அழுகிய இலையின் வாடையும் பதினாலு பேரின் வேர்வை வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைத்தன. இருபதடிக்கு ஒன்றாக ஏழு வெள்ளைக் குச்சிகள். குச்சிக்கு இரண்டு பேராகத் துப்பாக்கியால் தள்ளித் தள்ளி உட்கார வைத்தான் ஜப்பான் காவல்காரன். அக்காவுக்கும் தங்கைக்கும் கடைசிக் குச்சி.

அதில் கரியால் 140 என்று எழுதியிருந்தது. வால் சுழித்த அந்த நாலு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அதற்குக் கீழே, அழகாக, நிதானமாக, இரண்டு எழுத்து.

ந. செ.

நவமணி நிமிர்ந்தாள். தூரத்தில், காய்ந்த செம்மண் மேட்டின்மேல், ஆபிசருக்குப் பக்கத்தில் கார்த்திகேசு. கையில் நோட்டு.

காவல்காரன் மேட்டை நோக்கி ஓடினான்.

"செல்லாயி, எந்திரி."

"ஏன்க்கா? மாமாதானே உக்காரச் சொன்னாரு?"

ரோட்டுக்காகக் கொட்டிவைத்திருந்த காய்ந்த சரளைக் குவியல் குழியோரத்தில் இருந்தது. நவமணி அதன்மேல் தாவி ஏறினாள். "ஏறுடி! எல்லாரும் ஏறுங்க!"

முன்குச்சியில் இருந்த சின்னையாக் கிழவர் சிரித்தார். "கிராணி பொஞ்சாதியே பயந்தா எப்படிம்மா? வந்து உக்காரு."

செல்லாயி பாதி எழுந்து கையை நீட்டினாள். நவமணி எட்டிப் பிடித்தாள்.

விசில்.

தரை எழும்பியது. இறங்கியது.

சத்தம் சின்னதுதான்.

சேறு தூறலாகக் கொட்டி நின்றது. யாரும் அலறவில்லை. யாரும் எழவில்லை. பதிமூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். சின்னையாவின் சிரிப்பு இன்னும் போகவில்லை.

"செல்லாயி."

விரல்கள் சூடாக இருந்தன. கண் திறந்திருந்தது. காதிலிருந்து மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு.

"செல்லாயி!"

தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

மேட்டிலிருந்து கார்த்திகேசு இறங்கி வந்தான். முதல் குச்சி. முகவாயை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்து, எழுதினான். இரண்டாவது. மூன்றாவது. அவசரமே இல்லை. கடைசிக் குச்சிக்கு வந்தவன், சரளைமேல் மண்டியிட்டிருந்த மனைவியைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

பிறகு, பின்னால் வந்த காவல்காரனிடம் ஜப்பான் மொழியில் இரண்டு வார்த்தை சொன்னான்.

காவல்காரன் அவளைக் கைத்தாங்கலாக, மெதுவாகத் தூக்கினான். குழிக்குள் இறக்கினான். செல்லாயிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். தங்கையின் தலை சரிந்து அவள் தோளில் சாய்ந்தது.

கார்த்திகேசு நோட்டில் பக்கத்தைப் புரட்டி, புதுப் பக்கத்தில் மறுபடியும் ந. என்று எழுதினான்.

சதுப்பில், மண்வெட்டிகள் அடுத்த குழியைத் தோண்ட ஆரம்பித்திருந்தன.